வட்டுக்கோட்டை விடுதிப் பள்ளி தந்த பதிப்புச் செம்மல் சி. வை. தாமோதரம் பிள்ளை

முட்டுக்காட்டுக் கழிவெளியின் கரையோரப் பனைகளைக் காணும்போதெல்லாம், தமிழ் கற்பிக்கும் தொழிலினளாகிய எனக்கு ஓலைச்சுவடிகளின் நினைவு எழுவது இயல்பாகிவிட்டது. ஈராயிரம் ஆண்டுத் தமிழைச் சுமந்து வந்தது இந்த மரத்தின் ஓலையே. அதே ஓலை கறையானுக்கும் ஈரத்துக்கும் இரையாகி, அத்தமிழின் ஒரு பெரும்பகுதி மீட்கவியலாமல் அழிந்தும் போயிற்று. எஞ்சியதைக் காத்து அச்சேற்றித் தந்த சான்றோர் சிலரே. அவர்களுள் உ. வே. சாமிநாதையர் பெயரை நாடறியும். அவருக்கு முன்னரே அப்பணியில் இறங்கியவரின் பெயரைப் பலர் மறந்துவிட்டனர்.

சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பறையில் மாணவி ஒருத்தி என்னிடம் ஒரு வினாவை எழுப்பினாள். ஆங்கிலவழிப் பள்ளியில், அதுவும் விடுதியில் தங்கிப் படித்தவள் அவள். தன்னைப் போன்றோர்க்குத் தமிழ் இனி உரியதாகுமா, அல்லது காலம் கடந்துவிட்டதா என்று கேட்டாள். அவளது குரலில் ஏளனம் இல்லை, ஏக்கமே இருந்தது. அன்று அவளுக்கு விடையாக நான் கூறிய வாழ்க்கை வரலாற்றையே, நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு மலருக்கு உரிய கட்டுரையாக விரித்து எழுதுகின்றேன். அது யாழ்ப்பாணத்தில் அமெரிக்கப் பாதிரிமார் நடத்திய ஆங்கில விடுதிப் பள்ளியொன்றில் பயின்று, தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் தமிழர் கையில் அச்சுநூலாகத் தந்த சி. வை. தாமோதரம் பிள்ளையின் வரலாறு.

பள்ளியின் வரலாறு

அமெரிக்க மிஷனரிமார் 1816ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தனர். சமயம் பரப்புதலே அவர்தம் நோக்கம். கல்வி அதற்குரிய வழி. ஊர்தோறும் சிறு பள்ளிகளைத் தொடங்கிய அவர்கள், அவற்றில் தேறிய சிறுவர்க்கு உயர்கல்வி அளிக்கும் பொருட்டு 1823இல் வட்டுக்கோட்டையில் விடுதியோடு கூடிய கல்விநிலையம் ஒன்றை நிறுவினர். அதுவே வட்டுக்கோட்டை செமினரி எனப் புகழ்பெற்றது. மறு ஆண்டாகிய 1824இல் உடுவிலில் பெண்களுக்கென ஒரு விடுதிப் பள்ளி தோன்றியது. ஆசியாவின் தொடக்ககாலப் பெண்கள் விடுதிப் பள்ளிகளுள் ஒன்றாகிய அதனைப் பெண் ஆசிரியை ஒருத்தி நன்றியோடு நினைவுகூராமல் இருத்தல் இயலாது.

வட்டுக்கோட்டைப் பள்ளியின் முதல் அதிபர் தானியேல் பூவர். ஆங்கிலம், கணிதம், வானியல், தருக்கம் ஆகியவற்றோடு தமிழும் வடமொழியும் அங்கே கற்பிக்கப்பெற்றன. பூவருக்குப் பின் அதிபரான ஹொய்சிங்டன் சைவ சித்தாந்தத்தை ஊன்றிப் பயின்று, சிவஞான போதத்தையும் சிவப்பிரகாசத்தையும் ஆங்கிலத்தில் பெயர்த்தார். மிஷன் பணியில் முன்னின்ற வின்சுலோ பாதிரியார் 1862இல் சென்னையில் வெளியிட்ட தமிழ் ஆங்கில அகராதி அறுபத்தேழாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்டது. மாற்றுச் சமயத்தை மறுக்க வந்தவர்களே அச்சமயத்தின் நூல்களையும் மொழியையும் ஆழ்ந்து கற்க நேர்ந்தது இப்பள்ளி வரலாற்றின் முதல் விந்தை.

மாணவர் வரிசையும் சிறியதன்று. 1841இல் தோன்றிய உதயதாரகை இதழின் முதல் ஆசிரியர்களான ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும் இப்பள்ளியில் பயின்றவர்கள். நியாய இலக்கணம் எழுதிய நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, பீசகணிதம் எழுதிய கறல் விசுவநாதபிள்ளை, பாவலர் சரித்திர தீபகம் என்னும் புலவர் வரலாற்று நூலை 1886இல் வெளியிட்ட ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை ஆகியோரும் இங்கு உருவானவர்களே. இப்பெயர்களின் முன்னே நிற்கும் அயற்பெயர்கள், மாணவர்க்குப் பொருளுதவி செய்த அமெரிக்கர்களின் பெயரைச் சூட்டும் வழக்கத்தால் வந்தவை. பெயரை மாற்றிக்கொண்ட சிறுவர்கள் தம் மொழியை மாற்றிக்கொள்ளவில்லை என்பது கருதத்தக்கது. தருக்கத்தையும் கணிதத்தையும் தமிழில் எழுத முடியும் என்பதை அவர்கள் அன்றே காட்டிவிட்டனர்.

பிறப்பும் கல்வியும்

தாமோதரம் பிள்ளை 1832ஆம் ஆண்டு செப்டம்பர் 12ஆம் நாள் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்தார். தந்தையார் பெயர் வைரவநாத பிள்ளை. ஊர்ப்பெயரும் தந்தைபெயருமே அவர்தம் தலைப்பெழுத்துகளாக இன்றளவும் நிலவுகின்றன. இளமையில் தந்தையாரிடம் தொடக்கக் கல்வி பெற்ற அவர், சுன்னாகம் முத்துக்குமாரக் கவிராயரிடம் இலக்கண இலக்கியங்களை முறையாகக் கற்றார். பின்னர்த் தெல்லிப்பழை மிஷன் பள்ளியில் ஆங்கிலம் பயின்று, பன்னிரண்டாம் வயதில் வட்டுக்கோட்டைப் பள்ளியில் சேர்ந்தார். எட்டாண்டுகள் அங்கே தங்கிப் பயின்று 1852இல் வெளியேறினார்.

திண்ணையில் கவிராயரிடம் சூத்திரங்களை மனனம் செய்த மரபுக்கல்வியும், விடுதிப் பள்ளியில் எதனையும் வினவி ஒப்பிட்டுச் சான்று கண்டு தெளியும் புதுக்கல்வியும் ஒருவரிடத்தே கூடின. இவற்றுள் ஒன்று மட்டும் வாய்த்திருப்பின் அவர் மற்றுமொரு புலவராகவோ, மற்றுமொரு அரசு அலுவலராகவோ நின்றிருப்பார். இரண்டும் கூடியமையால் பதிப்பாசிரியர் ஆனார்.

படிப்பு முடிந்ததும் கோப்பாயில் ஆசிரியப் பணி ஏற்றார். அக்காலத்திலேயே குமரகுருபரரின் நீதிநெறி விளக்கத்தை உரையோடு 1854இல் அச்சிட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டுகூட நிரம்பியிருக்குமோ என்னும் அளவு இளமை. வாழ்நாள் முழுவதும் தொடர இருந்த பணியின் தொடக்கம் அது.

மூடப்பட்ட பள்ளி

இதற்கிடையில் வட்டுக்கோட்டைப் பள்ளியின் கதி மாறியது. அமெரிக்காவிலிருந்து மிஷன் நிலையங்களை ஆராய வந்த ரூபஸ் அண்டர்சன் குழுவின் வருகையைத் தொடர்ந்து 1855இல் அப்பள்ளி மூடப்பட்டது. ஆங்கிலத்துக்கு மிகுதியான இடம் தரப்பட்டது, கற்றவர்கள் சமயப்பணிக்கு வராமல் அரசு வேலைக்குச் சென்றனர், செலவுக்கேற்ற பயன் கிட்டவில்லை என்பன போன்ற காரணங்கள் எண்ணப்பட்டன. நடத்தியவர்களின் கணக்கில் அது பயன் குன்றிய முயற்சி. தமிழின் கணக்கில் அது முற்றிலும் வேறாயிற்று. ஒரு பள்ளியின் பயனை அதன் நிறுவனர் கருதிய நோக்கத்தைக் கொண்டு மட்டும் அளத்தல் பொருந்தாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா. அவ்விடத்தில் பின்னர் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது.

சென்னை வாழ்வு

யாழ்ப்பாணத்தில் பணிபுரிந்து பின் சென்னைக்கு வந்த பேர்சிவல் பாதிரியார் தினவர்த்தமானி என்னும் இதழை நடத்திவந்தார். அவரது அழைப்பை ஏற்றுத் தாமோதரம் பிள்ளை சென்னை வந்து அவ்விதழின் ஆசிரியப் பொறுப்பை மேற்கொண்டார். மாநிலக் கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் வாய்ப்பும் அவருக்குக் கிடைத்தது.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் நிறுவப்பெற்றது. அதன் முதல் கலை இளைஞர் தேர்வில் தேறியவர் இருவர். ஒருவர் தாமோதரம் பிள்ளை. மற்றவர் கறல் விசுவநாதபிள்ளை. பின்னவர் முன்னவரினும் பன்னிரண்டு ஆண்டு மூத்தவர். வட்டுக்கோட்டையில் ஆசிரியராகவும் விளங்கியவர். மூடப்பட்ட பள்ளியொன்றின் ஆசிரியரும் மாணவரும் அருகருகே அமர்ந்து ஒரு புதிய பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். இன்று அப்பல்கலைக்கழகத்தின் பெயரால் பட்டம் பெறும் நாம் ஒவ்வொருவரும் அவ்விருவரின் வழித்தோன்றல்களே.

அதன்பின் கள்ளிக்கோட்டையில் அரசுப் பள்ளியிலும், சென்னையில் அரசின் கணக்குத் துறையிலும் பணியாற்றினார். பணியில் இருந்துகொண்டே சட்டம் பயின்று 1871இல் சட்ட இளைஞர் பட்டம் பெற்றார். பின்னர்க் கும்பகோணத்தில் வழக்கறிஞராக விளங்கிப் பொருளும் புகழும் ஈட்டினார். 1887 முதல் 1890 வரை புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் நீதிபதியாகப் பணிபுரிந்தார். 1895இல் அரசு அவருக்கு ராவ்பகதூர் பட்டம் வழங்கியது. உலகியல் நோக்கில் இவை வெற்றியின் படிகள். ஆயின் இவ்வளவு ஈட்டியும் அவர் செல்வராக வாழவில்லை. ஈட்டியது எங்கே சென்றது என்பதே இவ்வரலாற்றின் உயிர்நாடி.

ஏடு தேடிய பயணம்

யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரோடு கொண்ட தொடர்பு தாமோதரம் பிள்ளையின் வாழ்வில் திருப்புமுனை. நாவலர் பரிசோதிக்க, தாமோதரம் பிள்ளை வெளியிட, தொல்காப்பியச் சொல்லதிகாரம் சேனாவரையர் உரையுடன் 1868இல் வந்தது. நாவலர் 1879இல் மறைந்தார். அவர் இருந்தவரை இப்பணியை அவரே முன்னின்று செய்வார் என்று எண்ணியிருந்தவர், அதன்பின் பொறுப்புத் தம்மேல் வந்து வீழ்ந்ததாக உணர்ந்தார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தேழு. பலர் ஓய்வை எதிர்நோக்கத் தொடங்கும் பருவத்தில் அவர் தம் பெரும்பணியைத் தொடங்கினார் என்பது, அவ்வயதையொத்த என்னைப் போன்றோர்க்கு ஊக்கம் தரும் செய்தி.

அக்காலத்தில் ஏடுகள் பட்ட பாடு சொல்லுந்தரமன்று. போகியன்று தீயிலும், ஆடிப்பெருக்கன்று ஆற்றிலும் சுவடிகளை இட்டுப் புண்ணியம் தேடியோர் உண்டு. ஏடுகளைப் படியெடுப்போர் அருகினர். பரணில் கிடந்தவை செல்லரித்துத் துளையாயின. தொட்டால் ஓரம் உதிர்வதும், கயிற்றை அவிழ்த்தால் ஓலை ஒடிவதும், புரட்டினால் துண்டாவதும் ஆகிய அவலத்தை அவர் தம் பதிப்புரைகளில் நெஞ்சுருகப் பதிவு செய்துள்ளார். இன்னும் சில ஆண்டுகள் தாழ்த்தினால் பல நூல்கள் பெயரளவிலும் எஞ்சா என்ற அச்சமே அவரைச் செலுத்தியது.

ஏட்டைப் பதிப்பித்தல் என்பது கண்டதைக் கண்டவாறு அச்சுக்குக் கொடுத்தல் அன்று. ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஒகரங்களில் குறில் நெடில் வேறுபாடு தெரியாது. காலும் ரகரமும் ஒன்றுபோல் தோன்றும். செய்யுள் எது, உரை எது, உரையினுள் வரும் மேற்கோள் எது என்று பிரித்தறிய அடையாளம் இராது. எழுதியவர் பிழையும் படியெடுத்தவர் பிழையும் மேன்மேலும் ஏறிக் கிடக்கும். ஆகவே ஒரே நூலின் பல படிகளைப் பல ஊர்களிலிருந்து வருவித்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பாடவேறுபாடு ஆய்ந்து, இலக்கணத்துக்கும் பொருளுக்கும் இயைந்ததைத் துணிதல் வேண்டும். பகலெல்லாம் வழக்குமன்றத்தில் சான்றுகளை எடைபோட்ட அவ்வறிஞர் பதிப்புப் பணியிலும் படிகளையே சாட்சிகளாக்கி விசாரித்தார் எனலாம். திருவாவடுதுறை ஆதீனம் முதலாகப் பல இடங்களிலிருந்தும் ஏடுகள் அவருக்குக் கிடைத்தன.

பதிப்பித்த நூல்கள்

1881இல் வீரசோழியம் வெளிவந்தது. சோழர் காலத்தில் பௌத்தராகிய புத்தமித்திரர் இயற்றிய இலக்கணம் அது. சமய நம்பிக்கையில் அவர் அழுத்தமான சைவர். சைவ மகத்துவம் என்னும் நூலை எழுதியவர். ஆயினும் பௌத்த இலக்கணத்தையும், சமணக் காப்பியமாகிய சூளாமணியையும் தம் கைப்பொருள் செலவிட்டு அச்சேற்றினார். தமிழ்நூல் என்பதொன்றே அவருக்குப் போதிய தகுதியாக இருந்தது. வீரசோழியப் பதிப்புரையில் தமிழிலக்கிய வரலாற்றை எட்டுக் காலப் பகுதிகளாகப் பிரித்து நோக்கினார். அப்பகுப்பை இன்றைய ஆய்வு முழுதும் ஏற்பதில்லை எனினும், தமிழிலக்கியத்துக்கு வரலாறு வகுக்க முனைந்த முன்னோடி முயற்சிகளுள் அது ஒன்று.

1883இல் இறையனார் அகப்பொருளும் தணிகைப் புராணமும் வந்தன. 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரம் வெளியாயிற்று. அகமும் புறமும் பகுத்து வாழ்வுக்கு இலக்கணம் வகுத்த அப்பகுதி, கற்பாரின்றி ஏட்டளவில் ஒடுங்கிக் கிடந்தது. அதை உரையோடு அச்சில் கண்டபின்னரே சங்க இலக்கியத்துக்குள் புகும் வாயில் தமிழ் மாணவர்க்குத் திறந்தது. 1887இல் எட்டுத்தொகை நூல்களுள் முதன்முதலாகக் கலித்தொகை நச்சினார்க்கினியர் உரையுடன் அச்சேறியது. 1889இல் இலக்கண விளக்கமும் சூளாமணியும், 1891இல் தொல்காப்பிய எழுத்ததிகாரமும், 1892இல் சொல்லதிகாரமும் நச்சினார்க்கினியர் உரையுடன் தொடர்ந்தன.

அவர் பணியில் குறையே இல்லை என்று கூறுதல் ஆய்வு நெறிக்கு ஒவ்வாது. பொருளதிகாரம் முழுமைக்கும் நச்சினார்க்கினியர் உரையே எனக் கருதி அவர் வெளியிட்டார். இறுதி இயல்களில் உள்ள உரை பேராசிரியருடையது என்பதைப் பின்னாளில் இரா. இராகவையங்கார் நிறுவினார். இப்பிழையை மாணவர்க்குக் கூறும்போது மற்றொன்றையும் சேர்த்தே கூறுவது என் வழக்கம். நூல் அச்சில் வந்தமையாலன்றோ அப்பிழை காணப்பட்டது? ஏட்டோடு அழிந்திருந்தால் திருத்துவதற்கும் ஏதும் எஞ்சியிராது. பிழை நேருமோ என்றஞ்சி வாளாவிருப்பதினும், முடிந்தவரை முயன்று பின்வருவோர் திருத்த இடமளிப்பது மேல் என்பதே அவர் கொள்கையாக இருந்தது.

ஐயரும் பிள்ளையும்

கும்பகோணம் கல்லூரியில் 1880இல் தமிழாசிரியராகச் சேர்ந்த உ. வே. சாமிநாதையர் தாமோதரம் பிள்ளையினும் இருபத்து மூன்று ஆண்டு இளையவர். ஒரே ஊரில் வாழ்ந்த இருவருக்கும் பழக்கம் ஏற்பட்டது. சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கும் விருப்பம் இருவருக்கும் இருந்தமையால் ஒரு சங்கடமும் நேர்ந்தது. அதனை ஐயர் தம் வரலாற்று நூலில் ஒளிக்காமல் எழுதியுள்ளார். இறுதியில் சிந்தாமணி ஐயர் பதிப்பாகவே வந்தது. அவ்வாண்டு 1887; கலித்தொகை வந்த ஆண்டும் அதுவே.

இந்நிகழ்ச்சியைக் கொண்டு ஒருவரை உயர்த்தி மற்றவரைத் தாழ்த்தும் போக்கு நம்மிடையே உண்டு. அது வேண்டுவதன்று. அழியும் பொருளைக் காக்க இருவர் ஒரே வேளையில் கை நீட்டினர். அதனால் நேர்ந்த உரசல் அது. பத்துப்பாட்டும் சிலம்பும் புறநானூறும் மணிமேகலையும் ஐயர் கையால் வெளிவந்தன. அவற்றைப் பயில்வதற்குரிய தொல்காப்பியத்தைப் பிள்ளை தந்தார். இருவர் பணியும் சேர்ந்தே நம் பாடத்திட்டமாக நிற்கின்றது.

இழப்பும் இறுதியும்

நூல் அச்சிடுதல் அன்று பெருஞ்செலவு. வாங்குவோரோ மிகச் சிலர். முன்பணம் செலுத்துவதாக ஒப்புக்கொண்டவர்களிலும் வாக்குத் தவறியவர் உண்டு. வழக்குத் தொழிலில் வந்த வருவாய் ஏடு தேடவும் எழுத்தர்க்கு ஊதியம் தரவும் அச்சுக்கூலி கொடுக்கவும் சென்றது. பொருளிழப்பையும் தனிமையையும் அவர் பதிப்புரைகளில் முறையிட்டுள்ளார். எனினும் அடுத்த நூலுக்கான அறிவிப்பும் அம்முறையீட்டை அடுத்தே வரும். தம் பிறந்த மண்ணையும் அவர் மறந்தாரல்லர். ஏழாலையில் பாடசாலை ஒன்றை நிறுவி, சுன்னாகம் குமாரசுவாமிப் புலவரைப் போன்றோர் அங்கே கற்பிக்க வழிவகுத்தார். இளந்தலைமுறையில் திறமை கண்டால் மகிழ்ந்து போற்றினார். சூரியநாராயண சாஸ்திரியாராகிய பரிதிமாற் கலைஞருக்குத் திராவிட சாஸ்திரி என்னும் சிறப்புப்பெயர் அவராலேயே வாய்த்தது.

அவர்தம் மைந்தர் அழகசுந்தரம் பின்னாளில் கிறித்தவ நெறியை மேற்கொண்டு பிரான்சிஸ் கிங்ஸ்பரி என்னும் பெயர் பூண்டார். அப்பெருமகனார் பிலிப்ஸ் என்பவருடன் இணைந்து சைவத் திருமுறைப் பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்து 1921இல் வெளியிட்டார். தந்தை மிஷன் பள்ளியில் பயின்று சைவத்தில் ஊன்றினார். மைந்தர் கிறித்தவராகிச் சைவப் பாடல்களை உலகறியச் செய்தார். சமயம் வேறுபட்டும் தமிழ் இருவரையும் விடவில்லை.

1901ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், புதிய நூற்றாண்டு பிறந்த அன்று, சென்னையில் தாமோதரம் பிள்ளை இயற்கை எய்தினார். வயது அறுபத்தெட்டு. எண்ணியிருந்த பதிப்புகள் யாவும் அவர் காலத்தில் நிறைவேறவில்லை. ஆயினும் அவர் காட்டிய வழியில் பின்னோர் நடந்தனர்.

நிறைவாக

நம் முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பெற்ற தட்சிணசித்ராவில், தென்னாட்டின் பழைய வீடுகள் சில, நின்ற இடத்தில் மரம் மரமாகப் பிரிக்கப்பட்டு, இங்கே கொணர்ந்து மீண்டும் எழுப்பப்பட்டுள்ளன. அங்கே செல்லும்போது ஒரு தூணைத் தொட்டு, இது பிரிக்கப்படாமல் விடப்பட்டிருந்தால் விறகாகியிருக்கும் என்று எண்ணிப் பார்ப்பதுண்டு. தாமோதரம் பிள்ளை நூல்களுக்குச் செய்ததும் அத்தகைய பணியே. இடிந்து விழும் நிலையிலிருந்த பெருமாளிகைகளை ஓலை ஓலையாகப் பிரித்தெடுத்து அச்சில் நிறுத்தினார். அவற்றுள் இன்று நாம் குடியிருக்கின்றோம், கட்டியவரை மறந்துவிட்டோம்.

அன்று வினவிய மாணவிக்கு நான் கூறிய விடை இதுதான். ஆங்கிலம் கற்றமையால் தாமோதரம் பிள்ளை தமிழை இழக்கவில்லை. ஆங்கிலக் கல்வி தந்த ஆய்வு முறையைக் கொண்டே தமிழை மீட்டார். ஆனால் அதற்கு ஒரு முன்நிபந்தனை இருந்தது. விடுதிப் பள்ளியில் சேருமுன் அவர் கவிராயரிடம் தமிழ் கற்றிருந்தார். அப்பள்ளியும் தமிழை விலக்கி வைக்கவில்லை. இன்றைய ஆங்கிலவழிப் பள்ளிகளை நோக்கி நாம் எழுப்ப வேண்டிய வினா, ஆங்கிலம் எதற்கு என்பதன்று. தமிழ் எங்கே என்பதே. அம்மாணவி மறுவாரம் நூலகத்திலிருந்து கலித்தொகையை எடுத்துச் சென்றாள். அவளுக்குக் காலம் கடந்துவிடவில்லை.

நம் இலக்கிய வட்ட அன்பர்களின் இல்லங்களில், பரண்மீதோ பெட்டியடியிலோ பழஞ்சுவடியோ, முன்னோர் எழுதிய கணக்கேடோ, மருத்துவக் குறிப்போ இன்றும் இருத்தல் கூடும். அவற்றைத் தேடி எடுத்துத் துடைத்து, அறிந்தவரிடம் காட்டுவோமாயின், அதுவே சி. வை. தாமோதரம் பிள்ளைக்கு நாம் செய்யும் நினைவு வழிபாடாகும். பத்தாண்டு நிறைந்த நம் வட்டம் பதினோராம் ஆண்டின் முதற்பணியாக இதனை மேற்கொள்ள வேண்டும் என்பது என் வேணவா.